பழைய சிவப்புச் சீன ரோஜா: பெயர் கேட்டு வருபவர்களுக்குச் சில பதில்கள்

சிங்கப்பூரின் ஈசூனில் நான்காம் மாடித் தாழ்வாரத்தில் என் வீட்டு வாசலில் ஒரு சிவப்பு ரோஜா நிற்கிறது. அத்தை கொடுத்தது. செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில் இருந்த காலத்தில் அவருடைய வீட்டு வேலியோரம் நின்ற செடியின் போத்து அது. 1971இல் பிரிட்டிஷ்காரர்கள் தளத்தைக் காலிசெய்து போனார்கள். அத்தை அந்தச் செடியின் ஒரு கிளையை மைலோ டின்னில் நட்டு எடுத்துக்கொண்டு வீடமைப்புக் கழக அடுக்குமாடி வீட்டுக்கு வந்தார். அதற்கு என்ன பெயர் என்று தேடப்போய்த்தான் நான் இந்த வம்பில் மாட்டிக்கொண்டேன். இப்போது மற்றவர்களும் தங்கள் சிவப்பு ரோஜாவைக் காட்டி என்னிடம் பெயர் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

சீன ரோஜா என்றால் செம்பருத்திதானே?

பாதிப் பேர் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. செம்பருத்தியின் தாவரவியல் பெயரான ‘ஹைபிஸ்கஸ் ரோசா சினென்சிஸ்’ என்பதிலேயே ‘சீனத்து ரோஜா’ என்ற பொருள் ஒளிந்திருக்கிறது. பழைய ஆங்கிலத் தோட்டப் புத்தகங்களும் அதைச் சீன ரோஜா என்றே எழுதின. மலாய்க்காரர்களின் ‘புங்கா ராயா’வும் அதுவே. ரோஜாவுக்கும் அதற்கும் எந்த உறவும் கிடையாது. இந்தப் பக்கம் முழுவதும் பேசப்படுவது முள்ளுள்ள, உண்மையான ரோஜாவைப் பற்றி: ‘ரோசா சினென்சிஸ்’. 1768இல் ஜாக்கின் என்ற தாவரவியலாளர் வைத்த பெயர் அது.

அந்த ரோஜாவில் அப்படி என்ன விசேஷம்?

ஓயாமல் பூக்கும். இன்று இது பெரிதாகத் தோன்றாது. கடையில் வாங்கும் எந்த ரோஜாவும் அப்படித்தான் பூக்கிறது. ஆனால் 18ஆம் நூற்றாண்டு முடியும்வரை ஐரோப்பாவின் ரோஜாக்களில் பெரும்பாலானவை கோடைத் தொடக்கத்தில் ஒரு முறை பூத்துவிட்டு அடுத்த ஆண்டுவரை சும்மா நின்றவை. சீனத் தோட்டக்காரர்கள் கையில் மட்டும் மாதாமாதம் பூக்கும் செடி பல நூற்றாண்டுகளாக இருந்தது. சீன மொழியில் அதன் பெயர் ‘யுவே ஜி’. ‘யுவே’ என்றால் மாதம். சிவப்பு வகைக்கு ‘யுவே யுவே ஹொங்’ என்றும் ஒரு பெயர் உண்டு, மாதம்தோறும் சிவப்பு. நான் பார்த்த ரோஜாப் பெயர்களிலேயே பொய் சொல்லாத பெயர் இதுதான்.

காட்டில் வளரும் மூலச்செடி ஆண்டுக்கு ஒரு முறை பூக்கும் கொடி. பூப்பதைத் தடுத்துவைக்கும் ஒரு மரபணுவுக்குள் வேறொரு மரபணுத்துண்டு போய்ச் செருகிக்கொண்டதால் அந்தத் தடை உடைந்தது. அப்படிக் கெட்டுப்போன செடியை யாரோ ஒருவர் ‘இது நன்றாக இருக்கிறதே’ என்று பிரித்து வளர்த்திருக்கிறார்.

இன்னொரு விசேஷம் நிறம். ஐரோப்பாவின் பழைய ‘சிவப்பு’ ரோஜாக்கள் வாடும்போது ஊதாவாக மாறும். சீனச் சிவப்பு அப்படியல்ல, வெயில் பட்டால் மேலும் சிவக்கும். இன்றைய ரத்தச் சிவப்பு ரோஜாக்களின் குருதியில் இந்தச் சீனப் பாட்டியின் பங்கு உண்டு.

சில புத்தகங்களில் ‘வங்காள ரோஜா’ என்று இருக்கிறதே?

கப்பல் போன வழியால் வந்த பெயர் அது. சீனத் துறைமுகமான கான்டனில் வாங்கிய செடிகள் பல நேரம் கல்கத்தாவில் இறங்கித் தேறிய பிறகுதான் ஐரோப்பாவுக்கு ஏறின. அங்கிருந்து வந்ததால் பிரெஞ்சுக்காரர்கள் அவற்றை வங்காளத்தது என்று நினைத்துவிட்டார்கள். நம்மூரில் வெங்காயத்துக்கு ‘பம்பாய் வெங்காயம்’ என்று பெயர் வந்தது மாதிரிதான். கல்கத்தாவுக்கும் கான்டனுக்கும் இடையே ஓடிய கப்பல்களுக்கு மலாக்கா நீரிணைதான் பாதை. ராஃபிள்ஸ் இங்கே கால்வைப்பதற்கு முன்பே சீன ரோஜாத் தொட்டிகள் இந்தத் தண்ணீரைக் கடந்திருக்கும்.

என் செடி சீன ரோஜாதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எல்லாரும் முதலில் பூவைப் பார்க்கிறார்கள். பூவைக் கடைசியில் பாருங்கள்.

முதலில் தண்டு. சீன ரோஜாவின் கிளைகள் மெலிந்தவை, வழவழப்பானவை, கண்டபடி குறுக்கும் நெடுக்கும் போகும். முட்கள் குறைவு. இருப்பவை பருத்து, நுனி கீழே வளைந்து, ஒன்றுக்கொன்று தள்ளி நிற்கும். தண்டு முழுக்க ஊசி ஊசியாக அடர்ந்திருந்தால் அது வேறு குடும்பம்.

அடுத்தது இலை. ஒரு காம்பில் மூன்று அல்லது ஐந்து சிற்றிலைகள், எப்போதாவது ஏழு. நுனி கூராக நீண்டு, மேற்புறம் பளபளக்கும். கொழுந்து செம்பு நிறத்தில் வரும்.

பிறகு, யாரும் பார்க்காத இடம்: இலைக்காம்பு தண்டில் ஒட்டும் அடிப்பகுதி. அங்கே காம்பின் இரு புறமும் ஒட்டினாற்போல ஒரு மெல்லிய பச்சை விளிம்பு ஓடும். இலையடிச் செதில் என்பார்கள். சீன ரோஜாவில் அது ஒடுங்கலாக இருக்கும், ஓரத்தில் கிழிசல் இருக்காது. அது சீப்புப் பல் போலக் கிழிந்திருந்தால் உங்கள் செடியில் மல்டிஃப்ளோரா ரத்தம் ஓடுகிறது. ஒட்டுக் கட்டுவதற்கு அடிச்செடியாகப் பயன்படும் ஜப்பானிய, சீனக் காட்டு ரோஜா அது. ஒரு கண்ணாடி வில்லை இருந்தால் போதும், அரை நிமிட வேலை.

கடைசியில் பூ. ஒரு பூவை வெட்டிச் செய்தித்தாள் மேல் வைத்து, பிளேடால் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து பாருங்கள். நடுவில் சூல்தண்டுகள் தனித்தனி இழைகளாக நிற்கின்றனவா, எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே தூணாக நிற்கின்றனவா? தனித்தனியாக நின்றால் சீன ரோஜாப் பக்கம், தூணாக நின்றால் மல்டிஃப்ளோராப் பக்கம். இதழ்களையும் எண்ணுங்கள். ஒரு பூவோடு நிறுத்தாதீர்கள். என் அத்தை செடியில் ஒரே வாரத்தில் மூன்று பூக்களை எண்ணினேன்: 19, 23, 21. நடுவில் இருந்த இரண்டு மூன்று இதழ்கள் பாதி மகரந்தத்தாளாகவும் பாதி இதழாகவும் இருந்தன, ஒன்றில் ஓரத்தில் மஞ்சள் பொடிகூட ஒட்டியிருந்தது. அதை எண்ணிக்கையில் சேர்ப்பதா வேண்டாமா என்று கால்மணி நேரம் யோசித்தேன். வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள்.

பெயர் தெரிந்த பழைய சிவப்புகள் எவை?

மூத்தவள் ‘ஸ்லேட்டர்ஸ் கிரிம்ஸன் சைனா’. கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களோடு தொடர்புடைய கில்பர்ட் ஸ்லேட்டர் என்பவர் 1790ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதை இங்கிலாந்தில் பூக்கவைத்தார். 1794இல் லண்டன் தாவரவியல் இதழ் ஒன்றில் இதன் வண்ணப்படம் வந்தது. அப்போது வைத்த பெயர் ‘ரோசா செம்பர்ஃப்ளோரன்ஸ்’, எப்போதும் பூப்பது. குட்டையான செடி, மெல்லிய காம்பு, அடுக்குக் குறைந்த கருஞ்சிவப்புப் பூ. ஐரோப்பிய ரோஜா இனத்தையே மாற்றியவை என்று சொல்லப்படும் நான்கு சீனச் செடிகளில் ஒன்று இது. மற்ற மூன்றும் சிவப்பல்ல.

1832இல் பிரான்சில் ‘கிராமொய்சி சுப்பீரியர்’ வந்தது. கிண்ணம் போலக் குவிந்த பூ, கொத்தாக வரும், கனம் தாங்காமல் தலையைத் தொங்கப்போடும். அதே ஆண்டில் லாஃபே என்ற வளர்ப்பாளரின் ‘ஃபாவியே’ வந்தது. கிரேக்க விடுதலைப் போரில் சண்டையிட்ட ஒரு பிரெஞ்சுக் கர்னலின் பெயர் அது. அடுக்குக் குறைவு, சிவப்பில் ஆரஞ்சுப் பக்கம் சாயும் பளிச்சென்ற நிறம், நடுவே வெள்ளைக் கீற்று. 1834இல் ‘லூயி பிலிப்’, அப்போது ஆண்டுகொண்டிருந்த பிரெஞ்சு மன்னரின் பெயரில். லாஃபேயின் இன்னொரு செடியான ‘ஆர்ச்டியூக் சார்ல்ஸ்’ மொட்டு விரியும்போது இளஞ்சிவப்பு, வெயில் ஏற ஏற வெளியிதழிலிருந்து கருஞ்சிவப்பு. காலையில் ஒரு பெயரும் மாலையில் ஒரு பெயரும் சொல்லவைக்கும் செடி.

ஐந்தே இதழுள்ள ஒற்றைச் சிவப்பும் உண்டு. ‘பெங்கால் கிரிம்ஸன்’ என்று லண்டன் செல்சியில் உள்ள பழைய மூலிகைத் தோட்டத்தில் நிற்பது அதுதான். குளிர்காலத்திலும் பூக்கிறது என்பதற்காகவே அதைப் பார்க்கப் போகிறார்கள்.

இந்தப் பட்டியலில் சேராமல் நம் பக்கத்தில் எல்லாரையும் ஏமாற்றும் ஒன்று இருக்கிறது: ‘குருஸ் அன் டெப்ளிட்ஸ்’. 1897இல் வெளிவந்த கலப்பினம். சீன ரத்தம் உண்டு, ஆனால் தூய சீன ரோஜா இல்லை. வட இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் உதிரிப்பூவுக்காக வயல் வயலாக வளர்க்கிறார்கள். பழைய சிவப்புச் சீன ரோஜாக்களுக்கு வாசனை பெரும்பாலும் லேசுதான். உங்கள் சிவப்பு ரோஜா கூடம் முழுக்க மணந்தால் ஸ்லேட்டரை மறந்துவிட்டு முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

‘கிராமொய்சி சுப்பீரியர்’, ‘லூயி பிலிப்’ இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

இந்தக் கேள்விக்குத் துணிச்சலாகப் பதில் சொல்பவரைக் கண்டால் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். புத்தகப்படி, லூயி பிலிப்பின் உள்ளிதழ்கள் வெளுத்து, ஓரத்தில் வெண்மை தெரியும். கிராமொய்சி ஒரே சீரான சிவப்பு. ஆனால் கிராமொய்சியிலும் நடு இதழில் வெள்ளைக் கீற்று விழும். நிழலில் வளர்ந்தால் லூயி பிலிப்பும் சீராக வரும். கிட்டத்தட்ட இருநூறு ஆண்டுகளாக நாற்றுப் பண்ணைகள் இரண்டையும் மாற்றி மாற்றி விற்றிருக்கின்றன. அமெரிக்காவில் கிராமொய்சிக்கு ‘அக்ரிப்பினா’ என்று இன்னொரு பெயர். ஆஸ்திரேலியாவில் அதையே ‘லேடி பிரிஸ்பேன்’ என்றார்கள். ஃபுளோரிடாவில் லூயி பிலிப்பை ‘கிராக்கர் ரோஜா’ என்கிறார்கள். அதில் எத்தனை உண்மையில் கிராமொய்சியோ!

ஒருவருக்கு வீட்டில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர் இருப்பது நமக்குப் புதிதல்ல. இங்கே சிக்கல் வேறு. இரண்டு பேர் ஒரே பிறப்புச் சான்றிதழைக் காட்டுகிறார்கள்.

என் கருத்து: இரண்டு செடிகளையும் அருகருகே, ஒரே மண்ணில், ஒரே வெயிலில், ஓராண்டு வளர்த்துப் பார்க்காமல் இந்த இரண்டு பெயர்களில் எதையும் தொட்டியில் எழுதாதீர்கள். ‘கிராமொய்சி வகை’ என்று எழுதினால் போதும். அதில் அவமானம் ஒன்றுமில்லை.

இணையத்தில் ஒருவர் ‘அசல் ஸ்லேட்டர்’ விற்கிறார். வாங்கலாமா?

நானும் வாங்கினேன். 38 வெள்ளி. பெயர் அச்சிட்ட அழகான அட்டையோடு வந்தது. பத்து மாதம் வாழைக்குருத்து மாதிரிப் புதுக்கிளை விட்டுக்கொண்டே இருந்தது, ஒரு மொட்டு இல்லை. சீன ரோஜா பத்து மாதம் பூக்காமல் இருப்பது, கோழி பத்து மாதம் கத்தாமல் இருப்பது மாதிரி. ஒருநாள் இலைக்காம்பின் அடியைப் பார்த்தேன். செதில் சீப்பாகக் கிழிந்திருந்தது. மேலே கட்டிய ஒட்டு எப்போதோ செத்துவிட்டது, நான் தண்ணீர் ஊற்றியதெல்லாம் அடிச்செடிக்கு. மல்டிஃப்ளோராவுக்குக் குளிர் வேண்டும், இங்கே அது பூக்க நினைக்காது.

விற்றவர் ஏமாற்றினார் என்று சொல்லமாட்டேன், அவருக்கே தெரிந்திருக்காது. அதனால் வாங்குமுன் மூன்று விஷயம் கேளுங்கள்: ஒட்டுச்செடியா, சொந்த வேரா? தாய்ச்செடி எங்கே நிற்கிறது? அதன் பூவைப் பார்க்க முடியுமா? கடைசிக் கேள்விக்கு இணையத்திலிருந்து எடுத்த படம் வந்தால் காசை எடுக்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதானால் தேசியப் பூங்காக் கழகத்தின் இறக்குமதி விதிகளையும் தாவர சுகாதாரச் சான்றிதழையும் முதலில் பாருங்கள். பெட்டியில் ஒளித்துக் கொண்டுவரும் வேலை வேண்டாம்.

படம் அனுப்பினால் பெயர் சொல்வீர்களா?

மாட்டேன். கைப்பேசிக் கேமராவுக்குச் சிவப்பு என்றாலே குழப்பம். கருஞ்சிவப்பை இளஞ்சிவப்பாக்கும், இளஞ்சிவப்பை ஆரஞ்சாக்கும். அதற்கு மேல் நம் தாழ்வாரங்கள் வேறு. அரை நாள் நிழலில் நிற்கும் செடியின் பூ, அதே செடியை வெயிலில் வைத்தால் வரும் பூவைவிட இரண்டு படி வெளுப்பு. என் பூ காலை ஏழு மணிக்குச் செர்ரிப்பழ நிறம். நேர்வெயில் விழும் பக்கத்துத் தாழ்வாரத்தில் அதே செடியின் போத்து மூன்றாம் நாள் குங்குமத்தில் கொஞ்சம் கரி கலந்தது மாதிரி நிற்கிறது.

படம் அனுப்பியே ஆகவேண்டும் என்றால் பூவை விடுங்கள். மொட்டு, புல்லி இதழ், இலையின் மேற்புறமும் அடிப்புறமும், இலையடிச் செதில், முள், காய் பிடித்திருந்தால் காய் எல்லாவற்றையும் ஒரு வெள்ளைத்தாளில் வைத்து, பக்கத்தில் ஓர் அளவுகோலோடு எடுங்கள்.

தேக்காவில் மாலைக்கு விற்கும் சிவப்பு ரோஜா இதுவா?

இல்லை. உதிரிப்பூவை வைத்து எதையும் சொல்ல முடியாது, இலையும் தண்டும் இல்லாத பூ அடையாள அட்டை இல்லாத ஆள். தமிழ்நாட்டில் உதிரிப்பூவுக்கு வளர்ப்பதில் ‘ஆந்திரச் சிவப்பு’ ஒன்று, ‘எட்வர்ட் ரோஜா’ இன்னொன்று. எட்வர்ட் இளஞ்சிவப்பு, மணக்கும். பலர் பன்னீர் ரோஜா என்பது இதைத்தான். பிரெஞ்சுக்காரர்கள் பூர்பான் என்று அழைத்த, இன்றைய ரீயூனியன் தீவில் சீன ரோஜாவும் டமாஸ்க் வகையும் கலந்து பிறந்த குடும்பம் அது. ஆகவே தேங்காய் உடைத்த தட்டில் நீங்கள் வைக்கும் பன்னீர் ரோஜாவும் சீன ரோஜாவின் பேத்திதான்.

மரபணுச் சோதனை செய்துவிட்டால் முடிந்ததே?

முடியாது. ஒப்பிட ஒரு நிச்சயமான மாதிரி வேண்டும். 1834இல் வெளியான செடியின் நிச்சயமான மாதிரி எது என்பதில்தான் சண்டையே. மேலும், ஒரு செடியின் கிளையில் தானாக நிறமோ வளர்த்தியோ மாறி உருவாகும் வகைகளை வழக்கமான சோதனை தாய்ச்செடியிலிருந்து பிரித்துக் காட்டாது. 2018இல் சீன ரோஜாவின் முழு மரபணு வரிசையையே வெளியிட்டார்கள், அதற்கு எடுத்துக்கொண்டது ‘ஓல்ட் பிளஷ்’ என்ற இளஞ்சிவப்புச் செடியை. அதனால் நம் தொட்டிச் சண்டை தீரவில்லை.

பெயர் கிடைக்கவே இல்லை என்றால் என்ன செய்வது?

நீங்களே ஒரு தற்காலிகப் பெயர் வையுங்கள். இதை நான் கண்டுபிடிக்கவில்லை. பெர்முடா தீவில் 1954இல் தொடங்கிய ரோஜாச் சங்கத்தார், பெயர் மறந்துபோன பழைய தோட்ட ரோஜாக்களை ‘மர்ம ரோஜாக்கள்’ என்று ஒரு வகுப்பாகவே ஒதுக்கினார்கள். செடி எந்த வட்டாரத்தில் கிடைத்ததோ, யார் வீட்டில் கிடைத்ததோ, அந்தப் பெயர். ‘ஸ்மித்ஸ் பாரிஷ்’, ‘வின்சென்ட் காட்ஸிஃப்’ எல்லாம் அப்படி வந்தவை. ‘பெல்ஃபீல்ட்’ என்று அங்கே கிடைத்த சிவப்பு ஒன்றுதான் தொலைந்துபோன ஸ்லேட்டர் என்று பலர் கருதுகிறார்கள். ஊர்ப்பெயரோடு பத்திரமாக இருந்ததால்தான் பின்னால் அந்த விசாரணையே நடக்க முடிந்தது. யாராவது அவசரப்பட்டு ‘அக்ரிப்பினா’ என்று அட்டை கட்டியிருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்கள். டெக்சஸில் நவசோட்டா என்ற ஊரில் கிடைத்த ஒரு குட்டிச் சிவப்பு, வளர்த்த பெண்மணியின் பெயரால் ‘மார்த்தா கொன்சாலஸ்’ ஆயிற்று. ஃபாவியேயைப் போலவே இருக்கும். ஆனாலும் அதை ஃபாவியே என்று சொல்லிவிடவில்லை.

எழுதுவதில் ஒரு மரபு உண்டு. பதிவான வகைப்பெயரை ஒற்றை மேற்கோளுக்குள் எழுதுவார்கள். கண்டெடுத்த ரோஜாவின் தற்காலிகப் பெயரை இரட்டை மேற்கோளுக்குள். அந்த இரண்டாவது கோடு ‘இது இன்னும் விசாரணையில்’ என்று சொல்கிறது.

பெயரோடு கூடவே எழுதவேண்டியது: யாரிடமிருந்து வந்தது, எந்த ஆண்டு, அவருக்கு எங்கிருந்து வந்தது, அவர் என்ன சொல்லி அழைத்தார். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். செடி காத்திருக்கும், பாட்டிமார் காத்திருக்கமாட்டார்கள். என் அத்தையிடம் நான் கேட்டபோது அவருக்கு நினைவிருந்தது ஒன்றுதான்: வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த சீனக் குடும்பத்துப் பெரியவர்தான் முதல் போத்தைக் கொடுத்தார். பத்து வருடம் முன்னால் கேட்டிருந்தால் அவர் என்ன பெயர் சொன்னார் என்றும் தெரிந்திருக்கலாம்.

போத்து எப்படி எடுப்பது? தாழ்வாரத்தில் வருமா?

வரும். பழைய சீன ரோஜாக்கள் சொந்த வேரில் சுலபமாகப் பிடிப்பவை, அவை உலகம் சுற்றியதற்கு அதுவும் ஒரு காரணம். பூத்து முடிந்த கிளையில் பென்சிலைவிடக் கொஞ்சம் மெலிந்த பகுதியாக, நான்கு கணு அளவுக்கு வெட்டுங்கள். மேலே இரண்டு இலை விட்டு மற்றதைக் கிள்ளிவிட்டு, பாதி மணலும் பாதி தேங்காய்நார்த் தூளும் கலந்ததில் செருகி, மேலே ஒரு பிளாஸ்டிக் புட்டியைக் கவிழ்த்து நிழலில் வையுங்கள். எனக்கு மூன்றில் இரண்டு பிடிக்கிறது. தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்கக் கூடாது, கொசு அதிகாரிகள் வந்தால் ரோஜா வரலாறு கேட்கமாட்டார்கள். நடக்கிற வழியில் 1.2 மீட்டர் விட்டு வையுங்கள். இங்கத்து ஈரத்தில் இலையில் கரும்புள்ளி வரும், விழுந்த இலையைப் பொறுக்கிப் போடுங்கள். மாலையில் இலைமேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். கனமான கவாத்து இந்தச் செடிக்குப் பிடிக்காது.

கேட்பவர்களுக்கு நான் போத்து கொடுக்கிறேன். கூடவே ஒரு சீட்டும் கட்டிவிடுகிறேன், பென்சிலில் எழுதியது, மழையில் அழியாது. அதில் இருப்பது இவ்வளவுதான்: “செம்பவாங் அத்தைச் சிவப்பு”. கடற்படைத் தளக் குடியிருப்பு, 1971க்கு முன். சீன அண்டைவீட்டார் கொடுத்தது. இதழ் 19 முதல் 23. கிராமொய்சி வகையாக இருக்கலாம்.